மஃப்ளர் கட்டிய கேபிள்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான் சொன்னால் கருணாபுரத்தில் எங்கள் தெருவே சிரிக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பதினோரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தேன். அந்த மேசை இருந்த மாடியில் இப்போது ஒரு செல்போன் கடைக்காரர் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார். கருவிகள் விற்றுப் போய்விட்டன. எங்களுக்கு வேலை கொடுத்த ஜெயந்தி அக்கா ஆடி மாதம் இறந்துவிட்டார். இன்னொரு இடத்தில் போய் இதே வேலையைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அக்காவைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. ஓசூரில் ஒரு கேபிள் கம்பெனியில் சேர்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பெண்கள் நாலு பேர் போன வாரம் போன் செய்தார்கள். "அக்கா, இங்க மிஷினே வெட்டுது, மிஷினே வளைக்குது. ஆனா எந்த எடத்துக்கு எந்தக் கேபிளு, ஏன் அதுன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்றாங்க. நீ எழுதி அனுப்புக்கா" என்றார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் கேபிளைப் பற்றி ஒரு வரி வருகிறது, அடுத்த வரியில் அக்கா வந்துவிடுகிறார். பிரித்து எழுத என்னால் முடியவில்லை. அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு நட்டு போல்ட்டுக் கடைக்கு மேல் இருந்தது. நாங்கள் ஐந்து பெண்கள். ஒயர்லெஸ் பெட்டிகளுக்குள்ளே ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு ரேடியோ அலையைக் கொண்டுபோகும் சின்னச் சின்ன கேபிள்களைச் செய்து கொடுப்போம். செமி ரிஜிட் என்று பெயர். டிவி கேபிள் மாதிரி தொளதொளவென்று இருக்காது. வெளியே செம்புக் குழாய். உள்ளே வெள்ளையாக டெஃப்லான், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே சரக்கு. நட்டநடுவில் வெள்ளி பூசிய ஒரு கம்பி. பார்க்க ஒரு நகை மாதிரி இருக்கும். முதல் நாள் அதைக் கையில் வாங்கியபோது, இதைக் காதில் மாட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அன்று அக்கா ஒரு துண்டைக் கொடுத்து, "வளை" என்றார். வளைத்தேன். "நிமித்து" என்றார். நிமிர்த்தினேன். வெளியே பார்க்க நேராகத்தான் இருந்தது. அதை இடுக்கியில் வைத்து, மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து என் முன்னால் வைத்தார். வளைத்த இடத்தில் குழாயின் உள்பக்கம் சுருங்கிப் போயிருந்தது. டெஃப்லான் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது.

"வெளிய தெரியல பாத்தியா? அலைக்குத் தெரியும். இத்த ஒரு தடவ வளச்சா வளச்சதுதான். தப்பா வளச்சுட்டா தூக்கிப் போட்டுட்டு வேற எடு. நிமித்தாத."

எனக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான். மீதி எல்லாம் இரண்டு வருடத்தில் கையிலேயே வந்துவிட்டது.

அந்தக் கடையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இவற்றை ஓசூரில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஒன்று, ஒவ்வொரு கேபிளிலும் ஒரு மஞ்சள் உறை மாட்டி அதில் இரண்டு எழுத்து எழுதுவோம். செய்தவர் எழுத்து, அளந்து பார்த்தவர் எழுத்து. செய்தவரே அளக்கக் கூடாது. என் கேபிள்களில் எல்லாம் 'அ' என்று என் எழுத்தும், பக்கத்தில் 'ஜெ' என்று அக்கா எழுத்தும் இருக்கும். அக்கா செய்வதை என் எதிர் நாற்காலி ரேவதி அளப்பாள், அல்லது நான் அளப்பேன்.

இன்னொன்று, அளவில் தேறாத கேபிளைச் சரிசெய்ய மாட்டோம், ஒதுக்கியும் வைக்க மாட்டோம். செய்தவர் முன்னால் பிளந்து பார்ப்போம். தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, பிளந்த துண்டைச் சுவரில் இருந்த ஒரு பலகையில் மாட்டி, கீழே ஒரு சீட்டில் பேரும் தப்பும் எழுதுவோம். சீட்டை எழுத வேண்டியவர் பிளந்து பார்த்தவர். முதல் முறை என் பேர் அங்கே ஏறியபோது அழுதுவிட்டேன். ரேவதி பேர் பதினோரு இடத்தில் இருந்தது.

"இன்னாடி அழுவுற? எனக்கு பாரு, செவுரு முழுக்க நான்தான். எலக்சன்ல நின்னா ஜெயிச்சுடுவேன்" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. என் துண்டைத் தடவிப் பார்த்து, "நல்ல தப்பு. இத்த இனிமே யாரும் பண்ண மாட்டாங்க" என்றார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். நாம் எதைச் சொன்னாலும் "காட்டு" என்பார். சொல்வதை நம்பாமல் இல்லை. கண்ணால் பார்த்த பிறகுதான் பேசுவார். பாலிடெக்னிக் முடித்து, பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வந்தவர். என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கேபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எங்களிடம் முக்கியமாக இரண்டு தடிமன் இருந்தது. மூன்றரை மில்லி, இரண்டேகால் மில்லி. தடியானதில் அலை வழியில் வீணாவது கம்மி, அதிக வாட்ஸ் தாங்கும். ஆனால் விறைப்பு. சின்ன இடத்தில் வளையாது. மெலிசானதில் கொஞ்சம் ஜாஸ்தி வீணாகும், ஆனால் சொன்னபடி வளையும். இதற்கு ஒரு அட்டவணை உண்டு. எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டருக்கு எவ்வளவு வீணாகும் என்று போட்டிருக்கும். உங்கள் கம்பெனிச் சுவரிலும் ஒட்டியிருப்பார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இருக்கறதுலயே நல்ல கேபிளா குடுங்க" என்பார்கள். அக்கா பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுப்பார்.

"நல்லதுன்னு தனியா ஒண்ணு இல்லீங்க. எவ்ளோ நீளம்?"

"ஒரு ஜாண் இருக்கும்."

"எத்தினி கிகா? எத்தினி வாட்ஸ்?"

அதையும் சொல்வார்கள்.

"எங்க வெக்கப் போறீங்க? ஏசி ரூமா, மொட்ட மாடியா? பக்கத்துல ஃபேன் ஓடுமா, ஆடுமா? அடிக்கடி கழட்டி மாட்டுவாங்களா? யார் கை படும்?"

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்று எரிச்சல்படுவார்கள். அக்கா எழுதிக்கொண்டே இருப்பார். கழற்றி மாட்டுகிற இடம் என்றால் இதைக் கொடுக்கவே மாட்டார். "வேற பின்னல் கேபிள் கீது, வளைஞ்சு குடுக்கும், அத்த வாங்கிக்குங்க, இது வேணாம்" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்புவார். எனக்கு வயிறு எரியும். அந்த ஆள் ஆறு மாதம் கழித்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

செய்யும் முறையிலும் அக்காவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தேவைக்கு மேல் நீளமாக வெட்ட வேண்டும். பிறகு உருளை வைத்து வளைக்க வேண்டும். முனையில் மாட்டும் கனெக்டர் வரும் இடத்துக்கு ஒட்டியே வளைவு வரக்கூடாது, கொஞ்சம் நேராக விட வேண்டும். வளைத்ததை அடுப்பில் சூடாக்கி, ஆறவிட்டு, குளிரவைத்து, மறுபடி சூடாக்கி, இப்படி மூன்று முறை. பிறகு ஒரு நாள் சும்மா கிடக்க வேண்டும். டெஃப்லான் சூட்டில் செம்பை விட எத்தனையோ மடங்கு விரியும், குளிரில் அதே மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். அது இழுத்து அடங்கிய பிறகுதான் முனையைச் சவரக்கத்தியால் சமமாகச் சீவி, கனெக்டரை ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே சீவினால், குளிர்காலத்தில் முனையில் ஒரு மயிரிழை இடைவெளி விழும். அந்த மயிரிழை போதும்.

அளப்பதற்கு பெங்களூரிலிருந்து பழைய அனலைசர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தொடுவோம். கேபிளுக்குள் அலையை அனுப்பினால், பாதையில் மேடு பள்ளம் இருந்தால் அதில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். எவ்வளவு திரும்பி வருகிறது என்று திரையில் வளைகோடாகத் தெரியும். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்போம். வளைகோடு முழுக்க அதற்குக் கீழே இருந்தால் தேறியது. எங்கேயாவது தொட்டுவிட்டால் தேறவில்லை. அவ்வளவுதான் சட்டம்.

வெள்ளிமலை விவகாரம் நடந்தது ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழியில்.

வெள்ளிமலையில் ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது. மலையில் இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கீழே பேசும் லைன் அதன் வழியாகத்தான் போகும். அதற்கு நாங்கள் கேபிள் செய்து கொடுத்திருந்தோம். அக்காவே செய்தது, நான் அளந்தது. சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, அழகாகத் தேறியது. மாட்டிய இரண்டாவது மாதம் அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன் அண்ணன் பஸ் பிடித்து நேராகக் கடைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது. கழுத்தில் ஒரு பச்சை மஃப்ளர்.

"தெனம் காலைல அஞ்சு, ஆறு மணிக்கு அலாரம் கத்துதும்மா. லைனு கட்டு. ஒம்போது மணிக்கு அதுவா சரியாவுது. கீழ சொன்னா, பனி ஜாஸ்தி, அதான்னு சொல்றாங்க. எனக்கு இன்னா தெரியும்? எம் பொண்ணுக்கு இது ஒம்போதாம் மாசம். காலைல வலி எடுத்தா நான் யாருக்குப் போன் பண்றது?"

அக்கா அவருக்கு டீ வாங்கி வரச் சொன்னார். "தப்பு எங்களுதா இருந்தா நாங்களே வந்து மாத்துவோம்ணே. நாளைக்கு வர்றோம்" என்றார்.

மறுநாள் மதியம் நானும் அக்காவும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். அந்த வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அக்கா என்னை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். ராத்திரி கோவிந்தன் அண்ணன் வீட்டில் தங்கினோம். அவர் மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து எங்களுக்குச் சாப்பாடு போட்டாள்.

விடியும் நேரத்தில் மூவரும் நிலையத்துக்குப் போனோம். அறையில் அவ்வளவு குளிர். சொன்ன மாதிரியே பெட்டியில் சிவப்பு விளக்கு, அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அக்கா டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். எங்கள் கேபிள் கனெக்டரோடு ஒட்டும் இடத்தில் பச்சையாக இரண்டு கம்பளி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது இன்னா?"

கோவிந்தன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் இல்லம்மா."

"சும்மா சொல்லுங்கண்ணே."

"குளுருதேன்னு என் மஃப்ளர அதுமேல சுத்தி வெச்சேம்மா. ஆபீசருங்க பாத்தா திட்டுவாங்க. நாலஞ்சு நாளுதான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செம்புக் கேபிளுக்கு மஃப்ளர் கட்டிவிட்ட ஆளை எங்கே பார்ப்பது! அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சுத்துன அன்னிக்கு இன்னா ஆச்சுண்ணே?"

"அலாரம் லேட்டா வந்துச்சும்மா. ஏழு மணிக்கு மேலதான். ஒரு நாளு வரவே இல்ல. அதான் சாமி புண்ணியம்னு தெனம் கட்டிக்கினு இருந்தேன்."

அக்கா அதை எழுதிக்கொண்டார். வெளியே போய் டீக்கடையில் சூடாக ஒரு டம்ளர் டீ வாங்கி வரச் சொன்னார். நான் ஓடினேன். அந்த டம்ளரைக் கனெக்டரோடு ஒட்டிப் பிடித்தார். மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். எண்பது எண்ணுவதற்குள் அலாரம் நின்றது. டம்ளரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தியது.

"பனி இல்லடி" என்றார் அக்கா. "நான்தான்."

கேபிளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தோம். அன்றைக்கு லைனுக்கு ஒரு பழைய கேபிளைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு வந்தோம். கடையில் அக்கா ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரேவதி, ரம்பத்த எடு. என் கேபிளு, நீ பொள" என்றார். ரேவதிக்குக் கை வரவில்லை. "அக்கா, நீங்க செஞ்சதக்கா" என்றாள். "அதான் சொல்றேன், பொள."

பிளந்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், குழாயும் கனெக்டரும் ஒட்டிய பற்றுவைப்பில் சுற்றி ஒரு விரிசல், தலைமுடி மாதிரி. அந்தப் பெட்டியில் இரண்டு பாகத்துக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அதில் தடிக் கேபிளை இரண்டு இறுக்கமான வளைவு வளைத்து, விறைப்பாக மாட்டியிருந்தோம். குளிரில் பெட்டி சுருங்க, கேபிள் விட்டுக்கொடுக்காமல் கனெக்டரை இழுக்க, தினம் கொஞ்சமாகப் பற்றுவைப்பு பிரிந்திருக்கிறது. விடியலில் விரிசல் திறந்துகொள்ளும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். மஃப்ளர் கட்டினால் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்.

"தடிய ஏன் எடுத்தேன்னு கேளுங்க" என்றார் அக்கா. அவரே சொன்னார். "அட்டவணையில அதுல வீணாவறது கம்மின்னு போட்டிருந்துச்சு. ஆனா அது ஒரு மீட்டருக்கு. இங்க கேபிளு ஒரு ஜாணு. ஒரு ஜாணுல அந்த வித்தியாசம் தூசு. ஊருக்கெல்லாம் எங்க வெக்கப் போறீங்கன்னு கேட்டேன். வெள்ளிமலைக்கு மட்டும் கேக்கல. கேட்டிருந்தா மெலிச எடுத்து, நடுவுல ஒரு சுத்து விட்டு, பெட்டி அசைஞ்சாலும் தாங்குற மாரி செஞ்சிருப்பேன்."

ரேவதி சீட்டை எழுதினாள். அக்கா சொல்லச் சொல்லத்தான் எழுதினாள். "ஜெயந்தி. இடத்தைப் பார்க்காமல் அட்டவணையைப் பார்த்தது." அதைப் பலகையில் நட்டநடுவில் மாட்ட வைத்தார். வாடிக்கையாளர்கள் வந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். அந்த நிலையத்து மேலதிகாரிக்குப் போன் போட்டு, "பனி இல்லீங்க சார், எங்க தப்பு. கண்டுபிடிச்சுக் குடுத்தது உங்க கோவிந்தன் அண்ணன்தான். அவர் மஃப்ளர் கட்டுனத திட்டாதீங்க" என்றும் சொல்லிவிட்டார். ஒரு முதலாளி இப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எங்கள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். தப்பு என்றால் கூலிக்காரன் பண்ணியதுதான் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான்.

இரண்டேகால் மில்லியில், நடுவில் ஒரு சுற்று விட்டு, புதுக் கேபிள் செய்தோம். அதை மாட்டிய ஒன்பதாவது நாள் விடியலில் கோவிந்தன் அண்ணன் போன் செய்தார். லைன் எடுத்தது, வண்டி வந்தது, பேரன் பிறந்தான். "பேரு வெக்கல இன்னும். எம் பொண்ணு சொல்றா, கேபிளுன்னே வெச்சுடலாம்னு" என்றார்.

போன வருடம் தை மாதம் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் அதையும் வேலை மாதிரியே எடுத்துக்கொண்டார். ரிப்போர்ட்டை எங்களிடம் காட்டினார். புதுச்சேரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு, பஸ்ஸிலேயே திரும்பி வந்து மறுநாள் கடையைத் திறப்பார். முடி கொட்டிவிட்டது. கொண்டை இல்லாததால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ரேவதி அதைப் பார்த்து, "ஆசாரி மாரி கீறீங்கக்கா" என்றாள். அன்றைக்கு அக்கா சிரித்தார்.

ஆனி மாதம் கடைசியில், வெள்ளிமலைக்கு உபரியாக ஒன்று செய்து வைக்க வேண்டும் என்றார். எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள். நாங்கள் செய்கிறோம் என்றோம். கேட்கவில்லை. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மெலிசு, நடுவில் ஒரு சுற்று. மஞ்சள் உறையில் 'ஜெ' என்று மட்டும் எழுதி, பக்கத்து இடத்தை விட்டு, அலமாரியில் வைத்தார். "யாராச்சும் அளந்து வெச்சுடுங்க" என்றார். யாரும் அளக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போனோம். ஆடி பிறந்து பத்து நாளில் முடிந்துவிட்டது.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. காரியம் முடிந்த பிறகும் காலையில் கடைக்குப் போவேன். அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து அந்தக் கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். அந்த வளைவில் அவர் விரல் இருந்தது. ஒரு நாள் அதை வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டேன். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் வெட்கமாக இருந்தது, திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

ஐப்பசியில் மலையில் இடி விழுந்தது. லைன் போனதால் கீழே இறங்கி வந்துதான் கோவிந்தன் அண்ணன் போன் செய்தார். பெட்டியில் பாதி போய்விட்டது, மாற்றுக்கு இருந்த பழைய கேபிளும் கருகிவிட்டது, புதுப் பாகம் வந்துவிட்டது, கேபிள் வேண்டும். லைன் இல்லை. "சீக்கிரம் அனுப்பும்மா. மழைல ரோடு வேற மோசமா கீது."

கேபிள் தயாராக இருந்தது. அளக்க மட்டும்தான் வேண்டும். அனலைசரைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். மாட்டினேன். ரேவதி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

வளைகோடு சிவப்புக் கோட்டுக்குக் கீழே நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், எட்டு கிகாவுக்கு மேல், மெல்லத் தலையைத் தூக்கியது. கோட்டைத் தொட்டது. ஒரு மயிரிழை தாண்டியது.

கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அதே தான். மூன்றாவது முறையும் அதே தான்.

"அமுதா" என்றாள் ரேவதி. "வெள்ளிமல ஓடறது ஏழு கிகாவுலதான? ஏழுல நல்லாத்தான கீது. எட்டு யாருக்கு வேணும்? 'அ'ன்னு போட்டு அனுப்பு."

"கோட்ட தாண்டுதுடி."

"அக்கா செஞ்ச கடேசி கேபிளு. அத்தப் போயி பொளக்கப் போறியா நீ?"

அவள் சொன்னது கணக்குக்குச் சரிதான். ஏழில் ஒரு குறையும் இல்லை. மாட்டினால் அன்றைக்கே லைன் வந்துவிடும். அக்கா செய்தது அந்த மலையில் இன்னும் பத்து வருடம் இருக்கும். புதிதாகச் செய்தால் வளைத்து, மூன்று முறை சூடாக்கி, ஒரு நாள் போட்டு, மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் மலையில் லைன் இருக்காது.

பலகையைப் பார்த்தேன். நட்டநடுவில் அவர் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வளைகோடு ஏன் தலையைத் தூக்குகிறது? உள்ளே ஏதோ இருக்கிறது. அது ஏழில் இன்றைக்குத் தெரியவில்லை. மார்கழி விடியலில் தெரியுமா தெரியாதா என்று என்னால் சொல்ல முடியாது. அக்கா இருந்திருந்தால் ஒரே வார்த்தைதான் சொல்லியிருப்பார். காட்டு.

இடுக்கியில் வைத்தேன். ரேவதி வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரம்பம் போட்டபோது செம்புத் தூள் என் கையில் விழுந்தது. நான் அழுதுகொண்டேதான் அறுத்தேன். கண்ணைத் துடைத்துத் துடைத்து அறுத்தேன், கோணலாகப் போய்விடக் கூடாதென்று.

வளைவு எல்லாம் அற்புதம். இத்தனை வருடத்தில் அவ்வளவு சீரான உள்பக்கத்தை நான் பார்த்ததில்லை. அந்த உடம்போடு எப்படிச் செய்தாரோ. ஒரு முனையில் மட்டும், டெஃப்லானைச் சீவிய இடத்தில் கத்தி கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கனெக்டருக்கும் டெஃப்லானுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி. மருந்து ஏற்றியதில் அவருக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு நாள் சொல்லியிருந்தார். குளிரில் டெஃப்லான் உள்ளே இழுக்கும்போது அந்த இடைவெளி இன்னும் பெரிதாகியிருக்கும்.

ரேவதியைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போய் அடுப்பைப் போட்டாள்.

கீழேயே காத்திருந்த கோவிந்தன் அண்ணனுக்குப் போன் செய்து மூன்று நாள் கேட்டேன். "அதுவரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே ஜீப்ப நிறுத்தி வெக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன். நின்றது. நான் செய்தேன், ரேவதி அளந்தாள். வளைகோடு கடைசி வரைக்கும் கீழேயே போனது. மஞ்சள் உறையில் 'அ' எழுதினேன். எப்போதும் 'ஜெ' வரும் இடத்தில் அவள் 'ரே' என்று எழுதினாள். மழையில் நானே பஸ்ஸில் கொண்டுபோய், சின்ன டார்க் ஸ்பேனர், இறுக்கம் போதும் என்று டக்கென்று சொல்லும் வரைக்கும் முறுக்கி மாட்டிவிட்டு வந்தேன்.

பிளந்த துண்டுக்குச் சீட்டு எழுத வேண்டியது நான். "ஜெயந்தி. முனை சீவியதில் கத்தி உள்ளே போனது" என்று எழுதி, பழைய துண்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். கார்த்திகையில் கடையை மூடியபோது அவர் தம்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஊருக்கு வரும்போது நீங்கள் நாலு பேரும் வந்து பாருங்கள். நான் மேலே எழுதிய எல்லாவற்றையும்விட அதில் அதிகம் இருக்கிறது.

மார்கழியில் ஒரு விடியலில் கோவிந்தன் அண்ணன் போன் செய்தார். பின்னால் அவர் பேரன் ஏதோ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"இந்த வருசம் இன்னா குளுரு தெரியுமா? ஆனா ஒரு நாளு கூட அலாரம் கத்தல. மஃப்ளர நானே கட்டிக்கினு கீறேன். இது அந்தம்மா செஞ்சு வெச்சுட்டுப் போனதுதான?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது.

"இல்லண்ணே. இது நான் செஞ்சது. அவங்க செஞ்சது ஃபெயிலாயிடுச்சு."

பேரனை அதட்டி நிறுத்தினார். பிறகு கோபமாகக் கேட்டார். "அவங்க செஞ்சத ஃபெயிலுன்னு யாரு சொன்னது?"

"அவங்கதாண்ணே."